தவறுதலாகப் போகவில்லை

துரத்திவிட்டார்களாம்! கேட்டீர்களா கதையை? மேயர் நாற்காலியிலிருந்து அவளைப் பிடித்துத் தள்ளினார்களாம், அவள் அழுதுகொண்டே பின்வாசல் வழியாக ஓடினாளாம். மூலைக்கடையில் நின்று இப்படிக் கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிறவர்களில் ஒருத்தராவது அன்றைக்கு அந்த மாநகராட்சி மன்றத்துக்குள் இருந்தார்களா? இல்லை. இருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர்; தொழில் தையல். பார்வையாளர் பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணால் பார்த்ததுதான் நடந்தது. மற்றதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சு.

மேயர் ஆவதற்கு முன்னால் அவள் பஸ் கண்டக்டர். ஊருக்கே விசிலம்மா. கூட்டம் எவ்வளவு நெரித்தாலும், நிறுத்தத்தில் முதலில் வந்து நின்றவர்தான் அவள் பஸ்ஸில் முதலில் ஏற வேண்டும். யாராவது பெரிய மனிதர் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தால், "சார், கோட்டு ரொம்ப அழகா இருக்கு. வரிசை பின்னால இருக்கு" என்பாள். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

அந்தப் பழக்கத்தை அப்படியே மேயர் அறைக்குள்ளும் கொண்டுபோனாள். விழாவுக்குக் கூப்பிட யார் முதலில் வந்தார்களோ, அந்த நாள் அவர்களுடையது. பிறகு யார் தலைகீழாக நின்றாலும் வேறு நாள்தான்.

காலையில் பள்ளிக்கூடத்தில் நூலகம் திறப்பாள். சாயங்காலம் பார்வையில்லாதவர்களின் சதுரங்கப் போட்டியில் போய் உட்காருவாள். நாய்க் கண்காட்சியில் ஒரு குட்டி அவளுடைய செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. ஒற்றைச் செருப்போடு நின்று அத்தனை பரிசையும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினாள். மேயர் கழுத்தில் போடும் சங்கிலி இருக்கிறதே, அது நல்ல கனம். நழுவாமல் இருக்கத் தையல்காரர் அவளுடைய கோட்டின் தோளுக்குள் பஞ்சு வைத்து, கொக்கியும் தைத்துக் கொடுத்தார். அவள் மேடையேறினால் ஜனங்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள்; அவர் தோள் தையலைப் பார்ப்பார். சுருக்கம் விழாமல் நின்றுவிட்டால் மனிதருக்கு அன்றைக்குத் தலைகால் புரியாது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் துணி வெளுக்கிற பெண்கள் வருஷா வருஷம் சமையல்காரர்களோடு கயிறு இழுக்கும் போட்டி போடுவார்கள். ஒரு மேயரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர்களுடைய மேஸ்திரியம்மா வந்து, சலவைச் சோடாவில் வெந்து சிவந்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு கூப்பிட்டாள். இவளும் வருகிறேன் என்றாள். அதற்கப்புறம்தான், வேறொரு நாளுக்கு இருந்த புதுப் பாலத் திறப்பை அமைச்சரின் வசதிக்காக அதே நாளுக்கு மாற்றினார்கள். துணைமேயர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மேடம், அமைச்சரே வர்றாரு. துணி துவைக்கிறவங்களை அப்புறம் பாத்துக்கலாம்."

"அவங்க முதல்ல வந்து நின்னாங்க சார்."

"நின்னாங்களா? இது என்ன பஸ்ஸா?"

"அதுலயும் ஜனங்கதான், இதுலயும் ஜனங்கதான். பாலத்துக்கு நீங்க போங்க. உங்க கையில இருந்தா கத்திரிக்கோல் வெட்டாதா?"

சொன்னபடி கயிறு இழுக்கிற இடத்துக்குப் போனாள். அங்கே ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் சலவைக்காரிகள் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. "மேயரம்மா, வேடிக்கை பாக்கவா வந்தீங்க? கை குடுங்க!" என்றாள் மேஸ்திரியம்மா. இவள் சங்கிலியைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துவிட்டாள். தோள் தையல் பர்ரென்று விட்டது.

"ஏங்க, கோட்டு கிழிஞ்சிடுச்சு!"

"கிழிஞ்சா தைக்கிறதுக்கு நான் இருக்கேன். நீ இழு!"

தோற்றுத்தான் போனார்கள். சமையல்காரர்கள் ஒவ்வொருத்தரும் அண்டா மாதிரி இருந்தால் வேறென்ன நடக்கும்? சேற்றில் உட்கார்ந்து மேயர் வயிறு வலிக்கச் சிரித்த படம் மறுநாள் பேப்பரில் பெரிதாக வந்தது. அமைச்சரும் பாலமும் பக்கத்தில் தபால்தலை அளவு. அமைச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. மன்றத்தில் எழுந்து, 'தேதி குழம்பிவிட்டது, தவறுதலாக அங்கே போய்விட்டேன்' என்று சொன்னால் நாற்காலி நிலைக்கும்; இல்லையென்றால் கை தூக்கி ஓட்டுப் போட்டு இறக்கிவிடுவார்கள்.

கூட்டத்துக்குப் போக வேண்டிய அன்று காலையில், கிழிந்த தோளைத் தைத்து முடித்து இஸ்திரி போட்டுக்கொண்டே தையல்காரர் மெல்ல ஆரம்பித்தார். "ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு வந்துடேன்."

"நீங்க தச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு ஒருத்தர், 'ஐயோ, தவறுதலா வாங்கிட்டேன்'னு ஊரெல்லாம் சொன்னா உங்களுக்கு எப்படிங்க இருக்கும்?"

அவர் கோட்டை விரித்துப் பிடித்தார். அவள் கையை நுழைத்துக்கொண்டாள்.

மன்றம் கூடியது. அவள் எழுந்தாள். கடைசி பெஞ்சில் இருந்த தையல்காரருக்கு இரண்டு மனம். சொல்லிவிடேன் என்று ஒரு மனம், சொல்லிவிடாதே என்று ஒரு மனம்.

"தவறுதலா போகலை. கூப்பிட்டாங்க, வர்றேன்னு சொன்னேன், போனேன். நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன்."

துணைமேயர் தொண்டையைச் செருமினார். "அப்போ... கை தூக்கிடலாமா?"

"எதுக்கு சார் உங்க கைக்கு வீண் சிரமம்?" என்றாள். அவளே கொக்கியை விடுவித்தாள். சங்கிலியைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்தாள். தூக்கப்போன கைகள் பாதியில் நின்றன. ஒருத்தரும் அவளைத் தொடவில்லை, போ என்று சொல்லவும் இல்லை. இதைத்தான் துரத்தினார்கள் என்கிறார்கள்!

தையல்காரர் எழுந்து அவள் பக்கத்தில் வந்துவிட்டார். துணைமேயர் பின்னாலேயே வந்து, "மேடம், முன்னால பேப்பர்காரங்க நிக்கிறாங்க. பின்வாசல் திறந்திருக்கு" என்று காதோடு சொன்னார்.

"எல்லாரும் பாக்கத்தானே உள்ள வந்தேன் சார்? எல்லாரும் பாக்கவே போறேன்."

பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் அவளே தள்ளித் திறந்தாள். வெளியே நல்ல வெயில். தையல்காரர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். தோள் தையலைப் பார்க்க அன்றைக்கு அவருக்குத் தோன்றவே இல்லை. இருவரும் சேர்ந்தே படியிறங்கினார்கள்.