அத்தானுக்கு எடுத்த அளவு

அந்த சைக்கிள் கடையில் அவளை டேப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கீழ்த்தளத்தில் சைக்கிள்கள், மேல்தளத்தில் உடுப்புகள். மேல்தளத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். முன்பு பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் இருந்தவள். அங்கே மேற்பார்வையாளர் ஒருநாள் கையை ஓங்கினார் என்று கத்தரிக்கோலை மேசையில் குத்தி நிறுத்திவிட்டு வந்தவள். கோபம் வந்தால் வந்ததுதான், லேசில் போகாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று யாராவது அவளிடம் சொன்னால், "ஆண்ட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்பாள்.

கடையில் அவள் வேலை பெரும்பாலும் பேடு வைத்த ஷார்ட்ஸோடுதான். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவது. உட்காரும் இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு தடித்த பட்டை இருக்கும். அதில் அளவு தப்பினால் அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் மறக்காது. பெரிதாக எடுத்தால் பேடு மடிந்து உராயும். சிறிதாக எடுத்தால் மேலே ஏறாமல் இழுபட்டு, அதன் ஓரத் தையல் உட்காரும் எலும்புக்கு நேர் அடியில் வந்து நிற்கும். வேடிக்கை என்னவென்றால், கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் இது ஒன்றுமே தெரியாது. குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்தால்தான் தெரியும். அதனால்தான் முதலாளியம்மா மூலையில் ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் இறுக்கி நிறுத்தி வைத்திருந்தாள். அவள் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவள், பட்டுத் தெளிந்தவள். அதில் உட்கார்ந்து மிதித்துப் பார்க்காமல் எவரும் ஷார்ட்ஸ் வாங்கிக்கொண்டு படியிறங்கக் கூடாது. முதலாளியம்மா போட்ட ஒரே சட்டம் அது. டேப்பக்கா அதை ஒருநாளும் மீறியதில்லை.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை அத்தான் வந்தார்.

அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் முன்னாள் புருஷன். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்றால், நல்ல சட்டை போடுவார். அவ்வளவுதான். அக்கா கொஞ்சம் பருமன். கல்யாணத்தின்போதும் அப்படித்தான் இருந்தாள், ஒளித்து வைத்து ஒன்றும் கட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே இல்லாமல் போனது. 'லாரி' என்றுதான் கூப்பிடுவார். முதலில் விளையாட்டுக்கு, பிறகு எப்போதும். அவருடைய சிநேகிதர்கள் வந்தாலும் "லாரி, தண்ணி கொண்டா" என்பார். ஒருமுறை பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் அவள் தட்டை இழுத்து, "ஓவர்லோடு, போலீஸ் புடிச்சிரும்" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த தங்கைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்புறம் அவரே ஒரு ஒல்லிப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அக்கா தங்கையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. இந்த ஆளை ஒருநாள் பார்த்துக்கொள்கிறேன் என்று டேப்பக்கா அன்றிலிருந்து கருவிக்கொண்டிருந்தாள்.

"அட, மச்சினி! இங்கதான் இருக்கியா?" என்று படியேறி வந்தவர் எதுவுமே நடக்காத மாதிரி சிரித்தார்.

"வாங்க அத்தான்" என்று பழக்க தோஷத்தில் அவள் வாய் சொல்லிவிட்டது. சொன்ன வாயைத் தைத்தால் என்ன என்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல எல்லாரும் அணைக்கட்டு வரைக்கும் சைக்கிள்ல போறோம். நான்தான் முன்னால போறேன், மேனேஜராச்சே! புது சைக்கிளெல்லாம் வாங்கியாச்சு. இந்த பேடு வச்ச டவுசர் ஒண்ணு குடு."

வேலை வேலைதானே. டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் மூச்சைப் பிடிப்பான்? கொஞ்ச நேரத்தில் வயிறு தானாக வெளியே வந்தது. இடுப்பு, பின்பக்கம், தொடை எல்லாம் அளந்தாள். எக்ஸெல். சந்தேகமே இல்லை. அலமாரியிலிருந்து எக்ஸெல்லை எடுத்துக் கையில் பிடித்தாள். அதுவரை அவள் மனதில் ஒரு கள்ளமும் கிடையாது. நம்பினால் நம்புங்கள். இவரை அனுப்பித் தொலைத்தால் போதும் என்றுதான் இருந்தாள்.

அப்போதுதான் அவர் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "ஆமா, நம்ம லாரி எப்படி இருக்கு? இன்னும் லோடு ஏறிட்டேதான் இருக்கா?"

டேப்பக்கா கையிலிருந்த எக்ஸெல்லை மடித்தாள். அலமாரியில் வைத்தாள். மீடியத்தை எடுத்தாள்.

"உங்களுக்கு மீடியமே போதும் அத்தான். நீங்க எங்க மாறியிருக்கீங்க?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உச்சி குளிர்ந்து போனது. உள்ளே போய், முக்கி முனகி, எப்படியோ ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் புடிக்குதே?"

"புடிக்கணும். தோல் மாதிரி ஒட்டித்தான் இருக்கணும். லூசா இருந்தா பேடு நகந்து உராசிரும்."

சொன்னது அத்தனையும் சத்தியம். வேறு ஒரு உடம்புக்கு.

அவர் கண் மூலைக்குப் போனது. "அந்த சைக்கிள்ல உக்காந்து பாக்கணுமோ?"

முதலாளியம்மா கீழே இருந்தாள். மிதிக்கிற சத்தம் கேட்காவிட்டால் மேலே வந்தாலும் வருவாள். ஆனாலும் டேப்பக்காவின் குரல் பிசகவில்லை.

"அது கத்துக்குட்டிங்களுக்கு அத்தான். முன்னால போறவருக்கு எதுக்கு?"

"அதான பாத்தேன்!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்குள்ள ஜட்டி போடலாம்ல?" என்று கேட்டார்.

போடவே கூடாது. ஜட்டியின் தையலும் சேர்ந்து அறுக்கும். அந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

"உங்க சௌகரியம்" என்றாள் டேப்பக்கா.

ஞாயிற்றுக்கிழமை பயணம் முடியும் மைதானத்தில் கடை சார்பில் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். காற்றடிக்க, தண்ணீர் கொடுக்க. டேப்பக்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே வந்திருந்தாள். ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முன்னால் போனவரைத்தான் காணோம். எல்லோரும் தண்ணீர் குடித்து, போட்டோ எடுத்து ஓய்ந்த பிறகு அத்தான் வந்தார். சீட்டில் உட்காராமல், நின்றுகொண்டே மிதித்து வந்தார். இறங்குவதற்குக் காலைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தி, கண்ணை மூடி, "அம்மா" என்றார். பிறகு நடந்தார். தொடைக்கு நடுவில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு அது சிந்தாமல் நடப்பது போல நடந்தார். ஆபீஸ்காரர்களில் யாரோ பரிதாபப்பட்டு நாற்காலியை நகர்த்தினார்கள். "வேணாம் வேணாம், நிக்கிறேன்" என்று அலறினார்.

டேப்பக்கா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தேன் குடித்த மாதிரி இருந்தது.

அத்தான் நேராகக் கூடாரத்தில் நின்ற முதலாளியம்மாவிடம் போனார். "என்னம்மா சரக்கு விக்கிறீங்க? தோலே உரிஞ்சு போச்சு!"

முதலாளியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இது மீடியம் மாதிரி இருக்கே சார். உங்களுக்கு யாரு மீடியம் குடுத்தது?"

அவருடைய ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் நிமிர்ந்தார். அந்த வலியிலும் நிமிர்ந்தார். "நான் எப்பவும் மீடியம்தாம்மா. சரக்குதான் மோசம்."

அதோடு முடிந்திருக்கும். முதலாளியம்மா வேறு ஒன்று தருகிறேன் என்று சொல்லியிருப்பாள், டேப்பக்கா மேல் ஒரு தூசி விழுந்திருக்காது. ஆனால் அவளுக்கு அதுதான் ஆகவில்லை. இவ்வளவு பட்டும் இந்த மனுஷனுக்கு உறைக்கவில்லையே! எதற்குப் பட்டோம் என்றே தெரியாமல் வீட்டுக்குப் போய் மருந்து போட்டுக்கொள்வாரே! அடி வாங்கியவனுக்கு அடித்தது யார் என்று தெரியாவிட்டால் அது என்ன அடி?

"சரக்கு நல்ல சரக்குதாம்மா" என்று முன்னால் வந்தாள். "இவருக்கு எக்ஸெல். நான்தான் அளந்தேன். அளந்துட்டு வேணும்னேதான் மீடியம் குடுத்தேன். ஸ்டாண்டு சைக்கிள்லயும் உக்கார வைக்கல."

முதலாளியம்மா திகைத்துப் போனாள். "எதுக்கு?"

"எங்கக்கா பேரு என்னன்னு இவரையே கேளுங்க."

அத்தானுக்கு முகம் வெளுத்தது. "என்ன மச்சினி, நம்ம லா..." என்று ஆரம்பித்தவர் டேப்பக்காவின் கண்ணைப் பார்த்து நிறுத்தினார். சுற்றிலும் அவருடைய ஆபீஸ் முழுக்க நின்றது. மென்று விழுங்கி, அக்காவின் பெயரைச் சொன்னார்.

"கேக்கல."

மறுபடி சொன்னார், சத்தமாக.

"இப்ப கேளுங்க, எப்படி இருக்கான்னு."

"எப்படி... இருக்கா?"

"நல்லா இருக்கா. நிம்மதியா உக்காந்திருக்கா."

பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அத்தான் காரை நோக்கிக் கிளம்பினார். ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல், அந்த மைதானத்தை அவர் கடந்து முடிக்க ஒரு யுகம் ஆனது.

முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உன் கோவம் நியாயமாவே இருக்கட்டும்" என்றாள். "ஆனா என் கடைய நம்பி வந்த உடம்பு அது. நாளையிலேருந்து வராத."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டேப்பக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஐயோ, இவள் அழப்போகிறாள், எதற்கு இந்தப் பேச்சை எடுத்தோம் என்று டேப்பக்காவுக்குப் பகீரென்றது.

"எப்படி நடந்தாரு?" என்றாள் அக்கா.

டேப்பக்கா காலை அகட்டி, உதட்டைக் கடித்து, அடுப்பிலிருந்து வாசற்படி வரை நடந்து காட்டினாள். அக்காவின் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே வந்துவிட்டது சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். இத்தனை வருஷச் சிரிப்பும் தேங்கி நின்று ஒரே நாளில் வந்த மாதிரி சிரித்தாள்.

"உங்க முதலாளியம்மா ஒண்ணும் சொல்லலயா?"

"வர வேணாம்னுட்டாங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கையை ஒரு கணம் பார்த்தாள்.

"போனா போகுது, விடுடி. ரெண்டு பேருமா போய் வேற வேலை தேடுவோம்" என்றாள். "இப்ப இன்னொரு வாட்டி நடந்து காட்டு. இறங்குறப்ப 'அம்மா'ன்னாரே, அங்கேருந்து."