ரம்புக்கனையில் ஒரு தொலைபேசி அழைப்பு

போர் முடிவதற்கு முந்தைய வருடம். கொழும்பில் கணினி வலையமைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தோட்டக் கம்பனிக்கு ரம்புக்கனையில் இருந்த அலுவலகத்தைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்க என்னை அனுப்பினார்கள். கொழும்புக் கணினிகள் ஓஎஸ்பிஎஃப் என்ற முறையில் பாதைகளை அறிந்தன. தோட்டங்களில் இருந்தது ரிப் என்ற பழைய முறை. நடுவில், ரம்புக்கனையில் இருந்த சுவிட்ச் என்ற இணைப்புப் பெட்டி இரண்டையும் பேசும். ஆனால் ஒன்றில் அறிந்ததை மற்றதற்குச் சொல்ல, நாம்தான் கட்டளை கொடுக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் கொடுத்தேன். கொழும்புக்குத் தோட்டங்கள் தெரிந்தன. தோட்டங்களுக்குக் கொழும்பு தெரியவில்லை. மாலை ரயிலில் திரும்பும்போதுதான் காரணம் பிடிபட்டது. ரிப் ஒவ்வொரு பாதையின் தூரத்துக்கும் ஓர் எண் கேட்கும். கொடுக்காவிட்டால், போய்ச்சேர முடியாத பாதை என்று விட்டுவிடும். நான் கொடுக்கவில்லை. அந்தக் கட்டளையையும் முகவரி எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

அதைச் சரிசெய்ய மறுநாள் காலை திரும்பிப் போனபோது ரம்புக்கனை ரயில் ஸ்டேஷனில் பொலிஸ் சோதனை. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சட்டைப் பையில் எண்கள் நிறைந்த தாள். சிங்களத்தில் சரளமாக விளக்கினேன். விளக்க விளக்கச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதித்தார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கொழும்பு மேலாளரை அழைத்தேன். கடிதத்தோடு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். உடனே, தோட்டத்து லைன் இன்னும் வேலை செய்யவில்லையே, என்ன விட்டுப்போனது என்று கேட்டார். தாளில் எழுதியிருந்த அந்த ஒரு வரிக் கட்டளையைச் சொன்னேன். மறுமுனையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று யாரும் வரவில்லை.

மறுநாள் பிற்பகல் அப்பா வந்தார். ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் குடியிருந்து றப்பர் பால் வெட்டுபவர். ரயில் ஸ்டேஷனில் என்னைப் பிடித்ததைப் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. என் பிறப்புச் சான்றிதழோடும் தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதத்தோடும் பொலிஸ் நிலைய வாசல் பெஞ்சில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகுதான் விட்டார்கள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அப்பா சொன்னார்.

"நம்ம லயத்துக் கடைக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நேத்தே வந்திருப்பேனே."

"ஒரு போன்தான் பண்ண விட்டாங்கப்பா. ஆபீஸுக்குப் பண்ணிட்டேன்."

"அவங்க யாரும் வரலியா?"

இல்லை என்றேன். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன்.