அரிசி டின்னில் வந்த போன்

எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வளாகத்தின் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு வருடம் போன் ரிப்பேர் செய்தேன். தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்காமல் நேராகக் கடைக்குக் கொண்டுவந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யார் கிளப்பிவிட்ட வைத்தியமோ தெரியாது. போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையில் இறங்கிய ஈரத்தை அரிசி எடுக்காது. நாள்தான் வீணாகும், துரு ஏறும்.

கோமதியும் ஒரு பிஸ்கட் டின் நிறைய அரிசியோடுதான் வந்தார். கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் வீடு, தொழிற்சாலையில் வேலை. பக்கத்தில் ஒன்பது வயது மகள் தர்ஷினி. துணி ஊறவைத்த வாளியில் போன் விழுந்து ஆறு நாள் ஆகியிருந்தது. நடுவில் இரண்டு முறை சார்ஜ் வேறு போட்டுப் பார்த்திருக்கிறார். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. வாரா வாரம் எடுத்துருவேன்லா."

"எங்க எடுத்து வெச்சிருக்கீங்க?"

"அதே போன்லதான்."

சிரித்துவிட்டேன். மறுசாவியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருகிறவர்களை என் தொழிலில் தினமும் பார்க்கலாம். கோமதி சிரிக்கவில்லை. போட்டோ வேண்டுமா, போன் நம்பர்கள் வேண்டுமா என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார்.

"இவ பேச்சு வேணும்ண்ணே. எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

தர்ஷினிக்கு நாம் சொல்வதெல்லாம் புரியும். வாயால் பேச வராது. போனில் ஒரு ஆப் வழியாகப் பேசுவாள். படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல் ஒலிக்கும். கோமதி நான்கு வருடமாக ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, தன் குரலிலேயே சொல்லைப் பதிந்து சேர்த்திருக்கிறார். வீட்டுத் தட்டு, பள்ளி வேன், ரொட்டி சானாய், ஃபெரி, பிடிக்காத டீச்சர் என்று அறுநூறுக்கு மேல் இருந்ததாம். ஆப்பைப் புதிதாக இறக்கினால் வெறும் கட்டங்கள்தான் வரும். எனக்கு வெட்கமாகிவிட்டது. எத்தனையோ ஆயிரம் பலகைகளைக் கையால் புரட்டியவன் நான். ஒரு பிள்ளையின் மொத்தப் பேச்சும் அதற்குள் இருக்க முடியும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பழைய போன் என்றால் மெமரி சிப்பைக் கழற்றி வேறு கருவியில் வைத்துப் படித்துவிடலாம். இப்போதைய போனில் அது நடக்காது. தகவலின் பூட்டு ஒரு சிப்பில், சாவி இன்னொரு சிப்பில். இரண்டும் அதே பலகையில் உயிரோடு இருந்தால்தான் திறக்கும். ஆகவே இந்தப் பலகையேதான் எழுந்தாக வேண்டும்.

துருவைக் கழுவிக் காயவைத்து மின்சாரம் கொடுத்தேன். எங்கோ ஷார்ட். ரோசின் என்ற பிசினைச் சூடாக்கி அதன் புகையைப் பலகைமேல் படியவிட்டால் வெள்ளையாக மாவு பூத்ததுபோல் இருக்கும். மறுபடி கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் ஷார்ட் ஆன பாகம் சூடாகி, அதன்மேல் உள்ள வெள்ளை மட்டும் உருகும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன். எள்ளைவிடச் சின்ன ஒரு கெப்பாசிட்டர் பளிச்சென்று கறுத்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நிற்கும். அதைக் கழற்றினேன். திரை ஒளிர்ந்தது.

மறுநாள் அவர்களை வரச் சொன்னேன். கோமதி பின் நம்பரைப் போட்டுத் திறந்தார். நான் கேபிளைக் கையில் எடுத்தேன். இப்படி எழுந்த போன் மறுபடி எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. முதல் வேலை நகல் எடுப்பது, அதுவரை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். அதற்குள் தர்ஷினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் கையிலிருந்து வாங்கப் போனேன். அவள் விரல் வேகமாகக் கட்டங்களைத் தள்ளிக்கொண்டு போனது.

"காது," என்றது போன், கோமதியின் குரலில். "வலி. காது. வலி. வலி."

கோமதி வாயைப் பொத்திக்கொண்டார். "நாலு நாளா சாப்பிடாம அழுதாண்ணே. போனுக்குத்தான் அடம்புடிக்கிறான்னு நெனச்சு ஏசிட்டேன்."

தர்ஷினி போனைத் தானாகவே என் மேசையில் வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். இருவரும் கீழே இருந்த கிளினிக்குக்கு ஓடினார்கள். நான் கேபிளைச் செருகினேன். கடைசிக் கோப்பு ஏறும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

காதுக்குள் சீழ் வைத்திருந்ததாம். மருந்தோடு திரும்பி வந்தார்கள். அதற்குள் ஒரு நகலைக் கம்ப்யூட்டரிலும் இன்னொன்றைப் பென்டிரைவிலும் வைத்திருந்தேன். மூன்றாவதை கோமதியின் அக்கௌன்ட் வழியாக இணையத்தில் ஏற்றினோம். நகல் எடுத்தால் மட்டும் போதாது, திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் கிடந்த ஒரு பழைய போனில் எல்லாவற்றையும் இறக்கித் தர்ஷினியிடம் கொடுத்தேன். அவள் கட்டம் கட்டமாகத் தொட்டுச் சரிபார்த்தாள். என்னைவிடக் கண்டிப்பான இன்ஸ்பெக்டர்.

பிறகு அந்தப் போனை அம்மாவிடம் நீட்டி, என்னைச் சுட்டிக்காட்டினாள். கோமதி சிரித்துக்கொண்டே என்னைப் படம் எடுத்து, ஒரு புதுக் கட்டத்தில் போட்டு, வாய்க்கு அருகில் வைத்துப் பேசினார். தர்ஷினி தொட்டாள்.

"மாமா."

வாடிக்கையாளர்கள் என்னை எத்தனையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்கும் எனக்குக் கண் கலங்கியதில்லை. மூன்று நகல் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்றிலும் இந்தச் சொல் இல்லை. கேபிளை மறுபடி எடுத்தேன்.