கிழித்த வரைபடம்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனன்குடாவில், விமானப்படை முகாமின் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் துப்புரவு வேலை செய்கிறேன். மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய புவியியல் ஆசிரியை பிள்ளைகளிடமே கேட்டு வரைபடச் செயற்திட்டத்தை அமைத்தார். தூரப் பயணம் போக ஏலாதவர்கள் தங்கள் ஊரையே அளந்து வரையலாம் என்றார்.

மூன்று கிழமையாக வரைந்த படத்தை மகள் காட்டினாள்.

"இதென்ன பிள்ளை, கோடு?"

"வேலி அம்மா. இது நீங்கள் வேலைக்குப் போற கேற்."

யாரும் கண்டால் என் வேலை போய்விடும் என்ற பயத்தில் கிழித்துவிட்டேன்.

அவள் அழவில்லை. "வேலியை விட்டிட்டு எங்கட வீட்டை எங்க வரையிறது?" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் அந்த வேலிதான். அதைப் பார்க்காதது போலவே இத்தனை வருடம் நடந்திருக்கிறேன்.

மறுநாள் அவள் எங்கள் ஊரை விட்டுவிட்டு நகரத்துச் சந்தையை வரையப் போனாள். நான் அதே கேற்றால் வேலைக்குப் போனேன்.