வீடில்லாத கரையை விளக்கியவர்

நகர ஓவியக் கூடத்தின் இரண்டாம் அறையில், ஆறும் பாலமும் எதிர்க்கரை ஊருமாக ஒரு பெரிய படம். பக்கத்தில் ஒரு மர நாற்காலி. அதில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் காவலாளியை எல்லாரும் ‘விளக்கம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் காவலுக்கு மட்டும். விளக்கம் அவராகப் போட்ட உபரி.

“படத்தைத் தொடாதீங்க” என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்க வேண்டுமே. பாலத்தின் ஏழு வளைவும் வாழ்க்கையின் ஏழு கட்டங்கள். ஊரின் புகை மனித ஆசை. முன்னால் தெரியும் புல்கரை தனிமை.

“அந்தக் காலத்துல இந்தக் கரையில ஒரு குடிசை கூடக் கிடையாது. ஓவியர் தன்னந்தனியா புல்லுல உக்காந்து வரைஞ்சாரு.”

வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதற்காகவே வருஷத்துக்கு வருஷம் தனிமை கொஞ்சம் கூடிக்கொண்டே போனது.

உண்மை வேறு. ஓவியர் உட்கார்ந்தது விளக்கத்தின் தாத்தா வீட்டு மாடியில். இன்று விளக்கம் குடியிருப்பதும் அதே வீட்டில்தான். மாடி ஜன்னல் கட்டையில் நீல வண்ணம் சொட்டிய கறை இன்னும் இருக்கிறது. ஆனால், ‘எங்க வீட்டு மாடி’ என்று சொன்னால் எவன் உச்சுக் கொட்டுவான்?

ஆற்றங்கரைச் சாலையை அகலப்படுத்த முடிவானது. கரையின் பழைய நிலைக்கு அந்தப் படம்தான் ஒரே சான்று என்பதால், அது வரைந்த காலத்துக்கு முந்தைய வீடுகளை மட்டும் விட்டுவிடுவார்களாம். விளக்கத்தின் வீட்டுப் பத்திரத்தைக் கரையான் தின்று நாளாகிவிட்டது. விசாரணைக்குப் போனார். நில அளவை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“படத்துக்குப் பக்கத்துல இருக்கிறவர்தானே நீங்க? என் பொண்ணோட வந்திருந்தேன். ஒரு குடிசை கூடக் கிடையாதுன்னு சொன்னீங்க. அவ நோட்டுல எழுதியே வச்சிருக்கா.”

“அது ரசனைக்காகச் சொன்னது சார். படத்துல பாலத்தோட மேல்தளம் தெரியுது பாருங்க. புல்லுல உக்காந்தா வளைவோட அடிப்பக்கம்தான் தெரியும். எங்க மாடியிலேருந்து பார்த்தாத்தான் இப்படி.”

“பதினெட்டு வருஷம் ஒண்ணு சொல்லிட்டு, வீடு போகுதுன்னதும் வேற சொன்னா எப்படிங்க?”

“ஜன்னல்ல பெயிண்ட் கறை இருக்கு சார்.”

“எங்க வீட்டு ஜன்னல்லயும் இருக்கு. போன வருஷம்தான் அடிச்சோம்.”

வீட்டில் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஊருக்கெல்லாம் விளக்குனீங்களே, ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லக் கூடாதா?”

“யாரும் கேக்கலையே.”

“கேட்டாங்களே. அவங்ககிட்டதான் பொய் சொன்னீங்க.”

வீடு போன மறுவாரம், வாடகை அறையிலிருந்து வேலைக்குப் போனார். அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. மாலையில் ஒரு அம்மாள் படத்தின் புல்கரையைக் காட்டிக் கேட்டார்.

“இந்தக் கரையில வீடு ஏதும் இல்லீங்களா?”

விளக்கம் படத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு குடிசை கூடக் கிடையாதும்மா.”

அந்த அம்மாள் உச்சுக் கொட்டினார். இந்தத் தடவை விளக்கம் அதற்காகச் சொல்லவில்லை.