விதைக் குடுக்கைக்குள் போன அனுமதிச் சீட்டு

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த சமயம். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலையாயிருந்த நான், தங்கை கல்யாணத்துக்காக நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். அப்போதெல்லாம் அங்கிருந்து கிளம்பிவிட்டால் மறுபடி உள்ளே போக ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் தோட்டத்துத் துரையின் கையெழுத்தும் சீலும் இருக்கும். குறித்த தேதிக்குள் திரும்பாவிட்டால் கப்பல் ஏற்ற மாட்டார்கள். அங்கே தோட்டத்து லயத்து வீட்டில் என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அச்சடித்த காகிதம் என்றாலே பயம். பெட்டியில் வைத்தால் எலி, கூரையில் செருகினால் கரையான், மடியில் வைத்தால் வியர்வை. கடைசியில் பரணுக்குக் கீழே தொங்கிய விதை ராகிக் குடுக்கை கண்ணில் பட்டது. சாணியால் வாயை அடைத்த சுரைக்குடுக்கைக்குள் பூச்சி பொட்டு போகாது. அடைப்பைச் சுரண்டி, சீட்டைச் சுருட்டி உள்ளே விட்டு, நானே சாணி பூசினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது எடுத்துப் பார்ப்பார்களே!

கல்யாணம் ஜோராக நடந்தது. மொரப்பூரில் ரயிலேற இரண்டு நாள் இருக்கையில் பார்த்தால், குடுக்கை தொங்கிய இடத்தில் வெறும் கயிறு.

அண்ணி சாவகாசமாகச் சொன்னார்: "நேத்துப் பேஞ்ச மழைக்கு வத்தல்மலைக்காரரு வந்து வெதை கேட்டாருங்க தம்பி. வெதை கேட்டா இல்லேங்கலாமா? குடுக்கையோட குடுத்தனுப்பிட்டேன். அடைப்பு புதுசா இருந்துச்சு, எப்ப மெழுகினேன்னு எனக்கே நெனப்பில்லே."

சோறு தண்ணி இல்லாமல் மலைப்பாதையில் ஓடினேன். சீட்டை மண்ணில் போட்டு ஏர் ஓட்டியிருப்பார், மாடு தின்றிருக்கும், பிள்ளை முகத்தைப் பார்க்கவே போவதில்லை என்று மனசு என்னென்னவோ சொல்லிற்று.

பாதி மலையில், தலைப்பாகை கட்டிய ஒருவர் எதிரே வேகமாக இறங்கி வந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் நின்றார்.

"காயிதம் உங்களுதுங்களா?" என்று தலைப்பாகையை அவிழ்த்தார். மடிப்புக்குள் சீட்டு! "வெதையோட வெதையாப் போட்டா மொளைக்கும்னு வெச்சீங்களா?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "படிச்சீங்களா?" என்றேன்.

"எனக்கு எழுத்து எங்கங்க தெரியும்? சீல் குத்தியிருந்துச்சு. இதைக் காணாம ஒருத்தன் சோறு எறங்காமக் கெடப்பான்னு தோணுச்சு. ஏரை நிறுத்திப்போட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. மேலே அவர் நிலத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அன்று விட்டால் அடுத்த மழை எப்போதோ. அவரோடு மேலே போய், பொழுது சாயும்வரை ஏர் பிடித்தேன். அவர் விதைத்துக்கொண்டே போனார். அவர் வீட்டுக் களியும் அவரைக்குழம்பும் போல அதன்பின் நான் சாப்பிட்டதில்லை.

தேதிக்கு முன்பே தோட்டம் சேர்ந்துவிட்டேன். பெண் பிறந்தாள். அறுவடை முடிந்ததும் ஊரிலிருந்து கடிதம் வந்தது: குடுக்கை நிறைய ராகியோடு மலைக்காரர் வந்தாராம். "உள்ளே காயிதம் எதுவுமில்லே, கொட்டிப் பாத்துக்குங்க" என்றாராம்.

அச்சடித்த காகிதத்துக்கு இன்றும் பயப்படத்தான் செய்கிறேன். ஆனால் எதையாவது பத்திரப்படுத்தினால் நாலு பேரிடம் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அன்று என் சீட்டைக் காப்பாற்றியது நான் பூசிய சாணி அல்ல, முகம் தெரியாதவனுக்காக ஏரை நிறுத்திய அந்த மனிதர்தான்.