ஏழுமலைக்கு 'எஸ் சார்'

அடுத்தவனுக்கு ஆஜர் சொல்வது ஒரு தொழில் என்றால், எங்கள் காலேஜில் அதற்கு நான்தான் மேஸ்திரி. உங்கள் வகுப்பிலும் ஒரு பலகுரல்காரன் இருப்பான். அவன் தினமும் என்ன பாடு படுகிறான் என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் போணி

எங்கள் பெஞ்சு ஏழுமலையின் அப்பா நெஞ்சு நோயில் படுத்ததும், பதில் ஆளாக இவன் தங்கச் சுரங்கத்தில் இறங்கினான். காலை ஷிப்டு விழுந்தால் காலேஜ் இல்லை. ஆஜர் குறைந்தால் பரீட்சையும் இல்லை. எங்கள் பெஞ்சு கூடிப் பேசியது: நோட்ஸ் எழுதிக் கொடுப்பவன் சம்பங்கி, குரலுக்கு நான்.

லெக்சரர் பெயரைப் படித்தார். குனிந்துகொண்டு, அவனுடைய கட்டைக் குரலில் "எஸ் சார்" என்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: "இன்னாப்பா, கெணத்துக்குள்ள இருந்து பேசுற?"

தங்கம் கரைந்த கதை

இன்னொரு நாள் ஆஜரோடு விடாமல், "ஏழுமலை, தங்கத்தைக் கரைக்கிறது எது?" என்று கேட்டுவிட்டார். முன் பெஞ்சுக்காரர்கள் தோளோடு தோள் ஒட்டிச் சுவராகிவிட்டார்கள். சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பத்தில் வளர்ந்த வாய் அல்லவா, "சயனைடு சார்" என்றேன். எழுந்து நில் என்றால் நிற்பதற்கு ஏழுமலை ஏது?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புஸ்தகம் ராஜ திராவகம்னு சொல்லுது. தங்கம் எடுத்த மண்ணைக் கொட்டின சயனைடு மேட்டை வூட்டெதிர்ல வச்சிருக்கிற பசங்களைக் கேட்டது என் தப்பு."

வாயைப் பொத்திய நாள்

அன்றைக்கு 'எஸ் சார்' சொல்லி வாயை மூடவில்லை, தரை தூக்கிப் போட்டது. ஜன்னலெல்லாம் கிடுகிடுத்தன. ஏர் பிளாஸ்ட். கீழே, ஏழுமலை இறங்கிய சுரங்கத்தில், பாறை வெடித்திருக்கிறது. எங்கள் பெஞ்சு மொத்தமும் என் வாயையே பார்த்தது. ஓடினோம்.

சுரங்கக் குழியின் ஷாஃப்டு வாசலில் கூட்டம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வர வர, குமாஸ்தா பெயர் கூப்பிட்டார். குரல் கொடுத்தவன் தப்பித்தவன். கொடுக்காதவனைத் தேடி ஆள் இறங்கும்.

"ஏழுமலை!"

பதில் இல்லை. பாழாய்ப்போன பழக்கம், என் வாய் தானாகத் திறந்தது. சம்பங்கி பாய்ந்து பொத்தினான். "சொல்லாதடா! நீ சொன்னா அவனைத் தேட மாட்டாங்கடா!"

அடுத்த கேஜ் வந்தது. மறுபடியும், "ஏழுமலை!"

"இருக்கேன்!"

துணி கிழிகிற மாதிரி ஒரு குரல். எனக்கே அடையாளம் தெரியவில்லை. முகமெல்லாம் தூசியோடு வெளியே வந்தவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "கிளாஸை வுட்டுட்டு எல்லாரும் இங்க இன்னாடா பண்றீங்க? அங்க எனக்கு யாருடா எஸ் சார் சொல்றது?"

எந்தக் குரலும் எனக்கு வரும் என்று பீற்றிக்கொண்டு திரிகிற நான், அந்த 'இருக்கேன்' ஒன்றை மட்டும் இதுவரை பேசிப் பார்க்கவில்லை.